றிம் விற்கிற பதிவில் நாலு இலக்கத்தையும் எழுதுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கார் வைத்திருப்பவர்களும், கார் ஓடுகிற வயதில் பிள்ளை வைத்திருப்பவர்களும் முழுதாக வாசியுங்கள்.

மூன்று நாளைக்கு முன் என்னிடம் படித்த ஒரு தம்பி இன்பொக்ஸில் விளம்பரம் ஒன்று அனுப்பினார். நாலு அலாய் றிம், டயரோடு. படம் நல்ல வடிவாக எடுத்திருந்தார். "சேர், உங்கட பக்கத்தில நிறையப் பேர் இரிக்காங்க. ஒருக்கா ஷெயார் பண்ணி விடுங்க" என்று கேட்டிருந்தார். விளம்பரத்தில் இருந்தது ஒரே ஒரு வரி: "15 இஞ்சி, 4 நட். விட்ஸ், பிட், வெகன் ஆர் எல்லாத்துக்கும் செட் ஆகும்."

நான் பகிரவில்லை. தம்பிக்கு என்மேல் கொஞ்சம் மனவருத்தம். ஏன் பகிரவில்லை என்பதை அவருக்கு நேரில் சொல்லிவிட்டேன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் தேவையில்லை. அவர் நல்ல பொடியன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த நாலு றிம்மையும் எனக்குத் தெரியும். போன தவணையில் பாடசாலை வாசலில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் ஒன்றரை மணி. பாடசாலை விட்டு பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அன்று வாசல் கடமை எனக்கு. எங்கள் ஒழுங்கை எவ்வளவு ஒடுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வடிகான், மறுபக்கம் மதில். ஆண்டு 7 மாணவன் ஒருவன் வடிகான் ஓரமாகச் சைக்கிளில் போனான். பின்னால் இந்தத் தம்பியின் விட்ஸ் வந்தது. வேகமாக வரவில்லை, நானே கண்ணால் கண்டேன். பிள்ளைகள் நிற்கிற இடம் என்று மெதுவாகத்தான் வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், இடம் இருக்கிறது என்று நினைத்தார், சைக்கிளைத் தாண்டினார்.

காரின் பொடி சைக்கிளில் படவில்லை. கண்ணாடியும் படவில்லை. மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த முன் இடது டயர்தான் பெடலைப் பிடித்தது. சுழலுகிற டயர் பட்டதும் பெடல் இழுபட்டு, சைக்கிள் திரும்பி, பிள்ளையின் கால் இடையில் மாட்டிக்கொண்டது. இரண்டு கால்விரல் எலும்பு உடைந்தது. மூன்று கிழமை பாடசாலைக்கு வரவில்லை. இப்போது நன்றாக நடக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். அந்த டயர் இன்னும் ஒரு சாண் முன்னால் பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு வாசலில் கூடிய பெரியவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து சத்தம் போட்டார்கள். "பொடியன் நடுரோட்டில ஓடினான்" என்று ஒரு பக்கம். "கார்காரன் கண்ணு தெரியாம வந்தான்" என்று மறுபக்கம். இரண்டுமே சரியில்லை. சைக்கிள் ஓரத்தில்தான் போனது. கார் மெதுவாகத்தான் வந்தது. பிழை, கடையில் றிம் வாங்கிய நாளிலேயே நடந்துவிட்டது.

இதை வாசித்துவிட்டு, "சேர் வயசாளி, பொடியன்மார்ர ஆசை விளங்கல்ல" என்று சிலர் கொமெண்ட் போடுவீர்கள். அதனால் எனது கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2004இல் என்னிடம் ஒரு கொரோலா டி.எக்ஸ். வெகன் இருந்தது. பின்சில்லு உள்ளுக்குள் ஒடுங்கி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அரை இஞ்சி ஸ்பேசர் தட்டு இரண்டு வாங்கி, பின்சில்லுகளுக்கு உள்ளே வைத்து இறுக்கினேன். சில்லு வெளியே வந்து நின்ற அழகைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் நித்திரை வரவில்லை. ஒரு மாதம் கழித்து வாப்பாவையும் உம்மாவையும் ஏற்றிக்கொண்டு மொனராகலைக்குப் போனேன். சியம்பலாண்டுவை தாண்டியதும் பின்னால் 'டக் டக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு சில்லில் நாலு போல்டில் இரண்டு உடைந்து விழுந்திருந்தது. மற்ற இரண்டு நட்டும் கையால் சுழற்றுகிற அளவுக்கு இளகி இருந்தது. இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் சில்லு தனியாகப் போயிருக்கும், நாங்கள் தனியாகப் போயிருப்போம். வாப்பா ஏசவில்லை. "அழகுக்குக் குடுத்த காச நட்டுக்கும் குடுத்திருக்கலாமே மகன்" என்று மட்டும் சொன்னார். வாப்பா மௌத்தாகிவிட்டார். அந்தப் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே ஆசை எனக்கு விளங்கும். நம் பொடியன்மாருக்கு இந்த ஆசை வருவதற்குக் காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. புதுக் கார் எடுக்க முடியாதவன் இருக்கிற காரைப் புதிதாக்கப் பார்க்கிறான். பெயின்ட் அடிப்பதை விட, சீட் தைப்பதை விட, றிம் மாற்றினால் ஒரே நாளில் காரின் முகம் மாறிவிடும். அதில் ஹராமும் இல்லை, வெட்கமும் இல்லை. அகலமான றிம் அளவாகப் போட்டால் வளைவில் கார் நன்றாகப் பிடித்து நிற்கும், அதுவும் உண்மை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அகலம் மட்காட்டுக்கு உள்ளே இருக்கட்டும். அது உள்ளே இருக்குமா வெளியே வருமா என்பதைக் காசு கொடுக்க முதல் கணக்குப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஓ.எல். கணக்குக்கூடத் தேவையில்லை, எட்டாம் ஆண்டுக் கணக்குப் போதும்.

கணக்கைச் செய்து காட்டுகிறேன்.

றிம்மின் உள்பக்கத்தில், நட் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் சில இலக்கங்கள் அச்சாக இருக்கும். '14x5ஜே' என்றால் விட்டம் 14 இஞ்சி, அகலம் 5 இஞ்சி. அடுத்து 'ஈ.டி. 39' என்ற மாதிரி ஓர் இலக்கம். கராஜ்களில் ஓப்செட் என்பார்கள். றிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிற நடுக்கோட்டுக்கும், காரின் ஹப்பில் றிம் போய் உட்காருகிற முகத்துக்கும் இடையில் எத்தனை மில்லிமீற்றர் என்பதுதான் அது. இலக்கம் கூடக்கூடச் சில்லு உள்ளே போகும். குறையக் குறைய வெளியே வரும்.

தம்பியின் விட்ஸோடு வந்த றிம் 14x5ஜே, ஈ.டி. 39. அகலம் 5 இஞ்சி, பாதி இரண்டரை இஞ்சி, அதாவது 63.5 மில்லிமீற்றர். அதில் 39ஐக் கழித்தால் 24.5. ஹப்பிலிருந்து றிம்மின் வெளி ஓரம் 24.5 மில்லிமீற்றர் வெளியே நிற்கிறது.

அவர் வாங்கிப் போட்டது 15x8ஜே, ஈ.டி. 0. பாதி 4 இஞ்சி, அதாவது 101.6 மில்லிமீற்றர். கழிக்க ஒன்றுமில்லை. வெளி ஓரம் 101.6இல் நிற்கிறது.

101.6இலிருந்து 24.5ஐக் கழியுங்கள். 77.1. ஒரு பக்கச் சில்லு மூன்று இஞ்சி வெளியே வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இஞ்சி! விபத்துக்குப் பிறகு அவருடைய வீட்டு வாசலில் நாங்கள் இரண்டு பேரும் டேப் பிடித்து அளந்தோம். மட்காட் விளிம்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் வெளியே டயர். ஓட்டுபவர் சீட்டில் இருந்து பார்த்தால் அந்த 5 சென்ரிமீற்றர் தெரியவே தெரியாது. காரின் அகலம் என்று அவருடைய மனதில் பதிந்திருப்பது பொடியின் அகலம். கார் அதைவிட அகலமாகிவிட்டதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"சேர், சைட் கண்ணாடி டயரை விட வெளியேதானே நிற்கிறது, அதைக் கழற்றவா சொல்லுறீங்க?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கண்ணாடி உயரத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, பட்டால் மடங்கும், சுழலாது. டயர் கீழே, பிள்ளையின் பாதமும் பெடலும் இருக்கிற உயரத்தில் இருக்கிறது. பட்டால் தள்ளிவிடாது, பிடித்து இழுக்கும். அதனால்தான் கார் செய்தவன் டயருக்கு மேலே மட்காட் வைத்தான். மழை நாளில் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் முகத்தில் சேறும் கல்லும் அடிப்பதும் இதே டயர்தான்.

இனி, காருக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு வாளி தண்ணீரை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். பிறகு அதே வாளியைக் கையை நீட்டிப் பிடியுங்கள். வாளியின் பாரம் ஒன்றுதான், தோள் படும் பாடு வேறு. ஈ.டி. 39இலிருந்து 0க்கு வந்தால் சில்லின் நடுக்கோடு 39 மில்லிமீற்றர் வெளியே போய்விடுகிறது. காரின் பாரத்தை ஹப் பெயரிங் கையை நீட்டித் தாங்குகிறது. ஆறு மாதத்தில் 'கொர்ர்' என்று சத்தம் கேட்கிறது, பெயரிங் மாற்றுகிறோம், பிறகு "இப்ப வாற பெயரிங் எல்லாம் சரியில்ல" என்று கடைக்காரரை ஏசுகிறோம்.

அடுத்தது ஸ்டியரிங். நம் கரையோரப் பாதைகளில் ஓரமெல்லாம் மணல். அறுவடை காலத்தில் பாதையில் நெல் காயப்போட்டிருக்கும். ஒரு பக்க முன்சில்லு தாரிலும் மறுபக்கச் சில்லு மணலிலோ நெல்லிலோ இருக்கும்போது பிரேக் பிடித்தால், இரண்டு சில்லும் ஒரே மாதிரிப் பிடிக்காது. சில்லு வெளியே தள்ளி இருக்க இருக்க, அந்த வித்தியாசம் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பறிக்கிற மாதிரி இழுக்கும். மழைக்காலம் இன்னொரு கதை. அகலமான டயர் ஒடுங்கிய டயரை விடச் சுலபமாகத் தேங்கிய தண்ணீரின் மேல் மிதக்கும். டயரின் பூவும் தேய்ந்திருந்தால் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

மூன்றாவது, இழுத்துப் போடுகிற டயர். அகல றிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்து மாட்டுவது இப்போது ஒரு பெஷன். 195/50 ஆர் 15 டயரைப் போடக்கூடிய றிம் அகலம் ஐந்தரை இஞ்சியிலிருந்து ஏழு இஞ்சி வரைதான். தம்பி அதை எட்டு இஞ்சியில் மாட்டியிருந்தார். டயரின் பக்கச்சுவர் சரிந்து நிற்கும். குழியில் விழுந்தால் முதலில் அடிபடுவது றிம். வளைவில் காற்றுக் குறைந்திருந்தால் டயர் றிம்மை விட்டே கழன்றுவிடலாம்.

நாலாவது, யாரும் பார்க்காத ஒன்று: டயர் தாங்கும் பாரம். டயரின் பக்கத்தில் அளவுக்குப் பக்கத்திலேயே '81' அல்லது '82' என்று இரண்டு இலக்கம் இருக்கும். 81 என்றால் ஒரு டயர் 462 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ. விட்ஸோடு வருகிற 165/70 ஆர் 14 டயர் 81. அழகுக்காக 165/50 ஆர் 15 வாங்கினால் அது 73, ஒரு டயருக்கு 365 கிலோதான். ஒவ்வொரு டயரிலும் 97 கிலோ குறைவு. தனியாகக் கடற்கரைக்குப் போய் வரும்போது ஒன்றும் தெரியாது. பெருநாளைக்கு ஐந்து பேரும் சாமானும் ஏறி, முன்பக்கத்தில் எஞ்சின் பாரமும் சேர்ந்து, வெயிலில் கொதிக்கிற தார்ப்பாதையில் கொழும்புக்கு ஓடும்போதுதான் தெரியும்.

சரி, எப்படிப் போடுவது? "போடாதே" என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. வாங்க முதல் இவற்றைப் பாருங்கள்.

நட் ஓட்டைகளின் இடைவெளி. நாலு நட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. விட்ஸ், பிட், வெகன் ஆர் மூன்றும் 4x100. எனது பழைய டி.எக்ஸ். வெகன் 4x114.3. சில றிம்மில் இரண்டுக்கும் சேர்த்து எட்டு ஓட்டை இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று நட்டை வளைத்து இறுக்கிவிடாதீர்கள்.

நடு ஓட்டை. விட்ஸ் ஹப் 54.1 மில்லிமீற்றர், பிட் 56.1. கடையில் விற்கிற றிம்களில் நடு ஓட்டை அதைவிடப் பெரிதாக இருக்கும், 73.1 சாதாரணம். இடையில் போட ஒரு வளையம் இருக்கிறது, விலையும் பெரிதில்லை. றிம் நடுவில் சரியாக உட்கார அது உதவும். வீல் பெலன்ஸ் செய்தும் 80இல் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

நட். இங்கேதான் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்ற விளம்பரம் பொய்யாகிறது. விட்ஸுக்கும் பிட்டுக்கும் போல்டின் மரை 1.5 மில்லிமீற்றர், வெகன் ஆருக்கு 1.25. ஒன்றின் நட்டை மற்றதில் பலவந்தமாக ஏற்றினால் மரை போய்விடும். ஹொண்டாவோடு வருகிற நட்டின் அடி உருண்டை, அலாய் றிம்மின் குழி பெரும்பாலும் கூம்பு. உருண்டையைக் கூம்பில் இறுக்கினால் ஓரம் மட்டும்தான் பிடிக்கும். றிம்மோடு அதற்கேற்ற நட்டையும் வாங்குங்கள். நட் கையால் எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். போல்ட் 12 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 12 மில்லிமீற்றராவது மரை பிடிக்க வேண்டும். 1.5 மரைக்கு எட்டுச் சுற்று, 1.25 மரைக்குப் பத்துச் சுற்று. 2004இல் நான் இதை எண்ணியிருந்தால் ஸ்பேசர் தட்டைக் கழற்றிக் கடலில் எறிந்திருப்பேன்.

மொத்த விட்டம். டயரின் வெளி விட்டம் பழையதிலிருந்து 3 வீதத்துக்கு மேல் மாறாமல் பாருங்கள். விட்ஸின் 165/70 ஆர் 14 டயர் ஏறக்குறைய 587 மில்லிமீற்றர். 195/55 ஆர் 15 போட்டால் 595 அளவில் வரும், 195/50 ஆர் 15 போட்டால் 576. இரண்டும் பரவாயில்லை. விட்டம் கூடினால் மீற்றர் காட்டுவதை விட நீங்கள் வேகமாகப் போவீர்கள், இதையும் மறக்காதீர்கள்.

றிம் அகலமும் ஓப்செட்டும். அதே விட்ஸில் 15x6ஜே, ஈ.டி. 40 போட்டால் பழைய றிம்மை விட வெளியே 12 மில்லிமீற்றர் அளவில்தான் வரும். உள்ளே 14 மில்லிமீற்றர் அளவில் போகும். பார்க்கவும் நிறைவாக இருக்கும், மட்காட்டும் தாண்டாது. உள்பக்கமும் முக்கியம். பிரேக் ஹோசிலும் சொக்கிலும் டயர் உரசக் கூடாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றிப் பாருங்கள். தனியாக நிறுத்திவைத்துப் பார்த்தால் எல்லாக் காருக்கும் எல்லா றிம்மும் பொருந்தும்.

பழைய றிம் வாங்குபவர்கள் ஒளிபடுகிற இடத்தில் வைத்து உள்பக்கம் முழுதும் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா, வெல்டிங் பண்ணிப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஜப்பான் தரத்துக்குச் செய்த றிம்மில் ஜே.டபிள்யூ.எல். என்ற அடையாளம் இருக்கும். டயரில் நாலு இலக்கத் திகதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பூ புதிதாக இருக்கிறது என்பதற்காகப் பத்து வருடப் பழைய டயரை வாங்காதீர்கள்.

கடைசியாக இறுக்கம். விட்ஸின் நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர். டோர்க் ரெஞ்ச் உள்ள கராஜில் கொடுத்து, நட்சத்திரம் கீறுகிற மாதிரி எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீற்றர் ஓட முதல் திரும்பப் போய் ஒருமுறை பாருங்கள். காலால் ஏறி மிதித்து இறுக்குவது பலத்தைக் காட்டும், அளவைக் காட்டாது.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு கடைசிப் பரீட்சை. மேசன் பாஸிடம் தூக்குக்குண்டு ஒன்று வாங்குங்கள். காரைச் சமதரையில் நேராக நிறுத்தி, சில்லின் நேர் மேலே மட்காட் விளிம்பில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் டயரைத் தொடாமல் நேராக இறங்கினால் பாஸ். டயரில் முட்டி வளைந்தால் பெயில். இந்தப் பரீட்சைக்கு மீள்திருத்தம் இல்லை.

இனி நம் ஊரின் கராஜ் பாஸ்மாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் எனது வயது, சிலர் எனது மாணவர்கள். "பொடியன் கேட்டான், போட்டுக் குடுத்தன்" என்கிறீர்கள். ஓட்டத் தெரியாத பிள்ளை சாவி கேட்டால் கொடுப்பீர்களா? றிம் கொண்டுவருகிறவனிடம் அகலமும் ஓப்செட்டும் கேளுங்கள். வெளியே வரும் என்று தெரிந்தால் "இது உன்ட காருக்கு இல்ல தம்பி" என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு வேலை போகும், பெயர் நிற்கும்.

வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும்: பிள்ளை றிம்முக்குக் காசு கேட்டால் ஏசாதீர்கள். ஏசினால் கடன் வாங்கிக் கண்டதைப் போடுவான். "சரி, அளவைக் காட்டு" என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். வாகனத்தில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த அன்று அந்தக் கடதாசி உங்களுக்குப் பாரமாகும்.

2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியபோது நம் ஊரிலும் பெரிய வாதம் நடந்தது. "எங்கட காசு, எங்கட வாகனம்" என்றோம். வாகனம் எங்களுடையதுதான். ஒழுங்கை எல்லோருடையது. நாம் மட்காட்டைத் தாண்டி எடுக்கிற 5 சென்ரிமீற்றர் வானத்திலிருந்து வருவதில்லை. வடிகான் ஓரமாகச் சைக்கிளில் போகிற பிள்ளையின் இடத்திலிருந்துதான் அதை எடுக்கிறோம். பொலிஸ் வந்து கழற்றும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

அந்தத் தம்பி இப்போது பழைய றிம்மையே திரும்பப் போட்டிருக்கிறார். அடிபட்ட பிள்ளையின் வைத்தியச் செலவையும் தானே கொடுத்தார். கொடுத்த காசில் கொஞ்சமாவது திரும்ப எடுக்கலாம் என்றுதான் விற்கப் போட்டார். விற்பதில் பிழையில்லை. மட்காட் அகலமான காருக்கு அந்த றிம் சரியாகப் பொருந்தும். ஆனால் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று எழுதி விற்றால், அடுத்த கிழமை அதே சில்லு இன்னொரு விட்ஸில் ஏறி இன்னொரு பாடசாலை வாசலுக்கு வரும். நான் பகிராததற்கு அதுதான் காரணம்.

நேற்று மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் இருந்து விளம்பரத்தைத் திருத்தி எழுதினோம். இப்போது இப்படி இருக்கிறது:

"15x8ஜே. ஓப்செட் 0. 4x100. நடு ஓட்டை 73.1. மட்காட் அகலமான காருக்கு மட்டும். விட்ஸ், பிட், வெகன் ஆருக்குப் போட்டால் டயர் வெளியே வரும், கேட்க வேண்டாம். டயர் தர மாட்டேன், றிம் மட்டும்."

இதை நான் பகிர்ந்துவிட்டேன், கீழே இருக்கிறது. நம் ஊர்ப் பக்கங்களில் றிம் விற்கிற எல்லோரும் அகலம், ஓப்செட், நட் இடைவெளி, நடு ஓட்டை என்ற இந்த நாலு இலக்கத்தையும் எழுதுங்கள். எழுதாத பதிவைக் கண்டால் வாங்க நினைப்பவர்கள் கொமெண்டில் கேளுங்கள். பக்கங்களை நடத்துகிற சகோதரர்கள் இதை ஒரு விதியாகவே போட்டால் இன்னும் நல்லது.

இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் வீட்டு முற்றத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். டேப்பும் தூக்குக்குண்டும் இருக்கும். சில்லு மாற்றியவர்களும் மாற்ற நினைப்பவர்களும் காரைக் கொண்டுவாருங்கள். அளந்து பார்ப்போம், காசு இல்லை, பிளேன்ரீ இருக்கிறது. அடிபட்ட மாணவனும் வருவதாகச் சொன்னான். தூக்குக்குண்டு பிடிக்கிற வேலை தனக்குத்தான் வேண்டுமாம்.